வாய் திறக்கக் கூடாத வாரம்

நம் மென்பொருள் திட்டத்தின் கர்னல் குழுவுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு வணக்கம்.

இந்த மாதத்தோடு நான் பொறுப்பை ஒப்படைக்கிறேன். "அதுக்குள்ள ரிட்டயரா?" என்று உங்களில் ஒருவர் சாட்டில் கேட்டிருந்தார். வயசு முப்பதைக் கொஞ்சம்தான் தாண்டியிருக்கிறது, உண்மைதான். ஆனால் ஊருக்குத் தெரியாத பாதுகாப்பு ஓட்டைகளை நெஞ்சில் வைத்துக்கொண்டு சோறு தின்கிற வேலையை ஒரே ஆள் ரொம்ப வருஷம் பார்க்கக் கூடாது என்பது என் கருத்து. அதனால் விலகுகிறேன். வருத்தம் இல்லாமல் இல்லை.

பேட்சை எப்படிச் சேர்ப்பது, பேக்கேஜை எப்படிக் கட்டுவது, எந்தப் பழைய பதிப்பை எதுவரை தாங்கிப் பிடிப்பது, எல்லாம் விக்கியில் இருக்கிறது. நல்லாவே எழுதி வைத்திருக்கிறோம். அதை மறுபடி ஓதப் போவதில்லை. விக்கியில் எழுத வழியில்லாத ஒரு வாரத்தைப் பற்றிச் சொல்கிறேன். அந்த வாரத்து ஓட்டை அடைபட்டு, உலகத்துக்கே தெரிந்து, எல்லாரும் மறந்தும் போய்விட்டார்கள். இனிமேல் பேசலாம்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைப் படித்து முடித்த முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் சாத்தூரில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவர்கள். வீட்டில் உட்கார்ந்து முதன்முதலாகக் கர்னல் கட்டிய நாள் இன்னும் அப்படியே நினைவில் இருக்கிறது. காலேஜில் கழித்துப்போட்ட லேப்டாப். உள்ளே இருக்கிற காற்றாடி உயிர் போகிற மாதிரி இரைந்தது. அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள்.

"என்னலே, குச்சி காய வைக்கிற மிஷினு கணக்கா இரையுது. தீப்பிடிச்சிராதே?"

"பிடிக்காதும்மா."

"நாங்க பார்க்காத தீயா. எதுக்கும் அந்தத் துணிய அங்கிட்டுத் தள்ளிப் போடு."

காய்ந்துகொண்டிருந்த துண்டை எடுத்துப்போட்டுவிட்டு, முடிகிற வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரையில் வரிகள் ஓடும். ஒன்றும் புரியாது. ஆனால் கம்ப்யூட்டருக்குள் எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்து, மேலே ஓடுகிற மென்பொருளையும் கீழே கிடக்கிற இரும்பையும் பேச வைக்கிற அந்த ஒன்றை என் கையால் கட்டுகிறேன் என்கிற நினைப்பே போதுமாக இருந்தது. அந்த நாள் திரும்பி வராது. இப்போது சர்வரில் கட்டுகிறோம், சத்தமே கேட்பதில்லை.

என்னை இந்த வேலைக்குள் இழுத்து வந்தது புத்தகமோ வாத்தியாரோ இல்லை. ஒரு பிளேட் மிஷின். சிவகாசியில் ஒரு காலண்டர் பிரஸ்ஸில் என் பெரியப்பா மகன் வேலை பார்த்தார். சங்கிலி அண்ணன். கம்ப்யூட்டரில் செய்த டிசைனை அலுமினியத் தகட்டில் பதித்துக் கொடுக்கிற மிஷின் அது. கலருக்கு ஒரு தகடு. அந்தத் தகட்டைத்தான் அச்சு மிஷினில் ஏற்றுவார்கள். தகடு வரவில்லை என்றால் கீழே அத்தனை மிஷினும் சும்மா நிற்கும்.

அந்த மிஷினைச் செய்த கம்பெனி மூடிவிட்டது. அதை ஓட்டின பழைய கம்ப்யூட்டரும் ஒருநாள் படுத்துவிட்டது. முதலாளி புது மிஷினுக்கு விலை கேட்க ஆரம்பித்திருந்தார். அண்ணன் என்னிடம் வந்தார்.

"ஏலே, கம்ப்யூட்டருக்குத்தான படிச்ச? இதப் பேச வையி பாப்போம்."

பல ஞாயிற்றுக்கிழமைகள் அந்தப் பிளேட் ரூமில்தான் கழிந்தன. கீழே ஈர மையோடு முருகனும் லட்சுமியும் அடுக்கடுக்காக வந்து விழுந்துகொண்டிருப்பார்கள். மேலே நான் மிஷினைக் கம்ப்யூட்டரோடு இணைக்கிற ஒரு பழைய கார்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பேன். அண்ணன் டீயை வைத்துவிட்டு, "என்ன, இன்னுமா ஊமையாக் கிடக்கு?" என்று கேட்டுவிட்டுப் போவார். கடைசியில் கர்னலும் மிஷினும் பேசிக்கொள்ள ஒரு சின்ன டிரைவர் மென்பொருள் எழுதி, கர்னலோடு மற்றதையும் சேர்த்து நாம் கட்டித் தருகிற இந்த டிஸ்ட்ரோவில் அந்த மிஷினை எழுப்பிவிட்டேன். முதலாளி புது மிஷின் யோசனையைத் தள்ளிவைத்தார். "எதுன்னாலும் என் தம்பி பாத்துக்கிடுவான்" என்று அண்ணன் அவரிடம் வாக்குக் கொடுத்தார். பிளேட் ரூம் பொறுப்பு அண்ணன் கைக்கு வந்தது. அதே தெருவில் அதே மாதிரிப் பழைய மிஷின் வைத்திருந்த மற்ற பிரஸ்காரர்களும் பின்னாலேயே வந்தார்கள்.

அந்த டிரைவரைக் கர்னலோடு சேர்த்து ஒழுங்காக ஓட வைக்கப் போய்த்தான் இந்தக் குழுவில் ஆள் பழக்கம் ஆனது. வருஷங்கள் போய், பொறுப்பே என் தலையில் வந்தது.

அண்ணனுக்கு ஒரு வழக்கம் இருந்தது. அப்டேட் வந்திருக்கிறது என்று திரையில் காட்டினால் எனக்குப் போன் போடுவார். "போடலாமாலே?" என்பார். "போடுங்கண்ணே" என்பேன். அவர் போட்டுவிட்டார் என்று தெரிந்தால் தெருவே போடும். பெருமையாகத்தான் இருந்தது. இப்படி ஒரு ஆள் வாயைப் பார்த்து ஒரு தெரு நிற்பது நல்லதா என்று அப்போது யோசிக்கவில்லை.

இனி அந்த வாரம்.

தீபாவளி முடிந்து, பட்டாசு லேபிள் வேலை எல்லாம் ஓய்ந்து, காலண்டர் சீசன் உச்சத்தில் இருந்தது. அந்த நேரத்தில் மூடிய மடற்குழுவில் ஒரு சேதி வந்தது. பெரிய டிஸ்ட்ரோக்களும் சில சின்ன டிஸ்ட்ரோக்களும் மட்டும் இருக்கிற குழு அது. நம்மைச் சேர்த்து அப்போது கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. கர்னலில் ஓர் ஓட்டை. கம்ப்யூட்டரில் சாதாரண லாகின் வைத்திருக்கிற யாரும் மொத்த மிஷினையும் தன் கைக்குள் கொண்டுவந்துவிடலாம். காலேஜ் லேப், வாடகை சர்வர், எல்லாம் திறந்த வீடு. அடைக்கிற பேட்ச் தயார். வருகிற வியாழக்கிழமை எல்லா டிஸ்ட்ரோவும் ஒரே நேரத்தில் வெளியிட வேண்டும். அதுவரைக்கும் வெளியே மூச்சு விடக் கூடாது.

இந்தக் கட்டுப்பாட்டைச் சிலர் சடங்கு என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒரு வார்த்தை கசிந்தால், பேட்ச் வருவதற்கு முன்னாலேயே கெட்டவன் ஓட்டையைத் தேடிப் பிடித்துவிடுவான். கசியவிட்ட டிஸ்ட்ரோவைக் குழுவிலிருந்து தூக்கிவிடுவார்கள். அப்புறம் நம்மை நம்பி இருக்கிறவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் மருந்து கடைசியில்தான் வரும்.

பேட்சைப் படித்தேன். அது கர்னலுக்குள் ஓர் அமைப்பையே மாற்றுகிறது. என் பிளேட் டிரைவர் அந்த அமைப்பைத் தொட்டுத்தான் ஓடுகிறது. புதுக் கர்னலில் அது ஓடாது. இன்னொரு வழியும் இருந்தது. அமைப்பை மாற்றாமல், உள்ளே ஒட்டுப்போட்டு ஓட்டையை அடைக்கலாம். அப்படிச் செய்தால் பழைய டிரைவர்கள் எல்லாம் தப்பிக்கும்.

நம் பாதுகாப்புப் பக்கத்தை அப்போது பார்த்துக்கொண்டிருந்தவர் நாகர்கோவில்காரர் ஒருவர். குழுவில் எல்லாருக்கும் அவர் அக்கா. எனக்கு ரெண்டோ மூணோ வயசுதான் மூப்பு. அவருக்குப் போன் செய்தேன்.

"அக்கா, ரெண்டாவது வழிதான் எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா அதை நான் சொல்றதுல ஒரு சிக்கல் இருக்கு. எங்க அண்ணன் மிஷின் இதுல மாட்டுது."

"எந்த அண்ணன்? அந்தக் காலண்டர் அண்ணனா?"

"ஆமாக்கா."

"நல்லவேளை சொன்னீங்க. அப்ப இந்த முடிவை நீங்க எடுக்காதீங்க, நான் எடுக்கேன். திட்டுறதுன்னா என்னையத் திட்டலாம்."

அவர் மாற்றுகிற வழியையே எடுத்தார். காரணம் சொன்னார். ரகசியமாகச் செய்கிற வேலையைப் பார்க்கிற கண்கள் குறைவு. நாலு பேர் மட்டும் பார்க்கிற இடத்தில் சாமர்த்தியம் காட்டக் கூடாது. கர்னலை எழுதுகிறவர்களே தந்த பேட்சை அப்படியே எடுப்பதுதான் பத்திரம். டிரைவரைப் பிறகு திருத்திக்கொள்ளலாம், ஒட்டுப்போட்ட இடத்தில் இன்னோர் ஓட்டை விழுந்தால் யாருக்குத் தெரியும் என்றார். எதிர்வாதமாக என்னிடம் என் விருப்பம் மட்டும்தான் இருந்தது.

திருத்திய டிரைவரை எழுதி என் மிஷினில் வைத்துக்கொண்டேன். கர்னல் வெளியான பிறகுதான் அதைக் குழு சர்வரில் ஏற்றலாம். முன்னாலேயே ஏற்றினால், அந்தத் திருத்தத்தை வைத்தே ஓட்டை எங்கே என்று யாராவது மோப்பம் பிடித்துவிடுவார்கள். கர்னல் வந்து டிரைவர் வருகிற வரைக்கும் சில மணி நேரம் இடைவெளி விழும். அதற்குத்தான் பழைய கர்னல் இருக்கிறதே என்று நினைத்தேன். புதுக் கர்னல் போட்டாலும் பழையது மிஷினிலேயே கிடக்கும். புதுசு சரிப்படவில்லை என்றால், ஆன் செய்யும்போது பழையதைத் தேர்ந்தெடுத்து ஓட்டலாம். நம் டிஸ்ட்ரோவில் எல்லா இடர்த் திட்டத்துக்கும் அதுதான் அடித்தளம். நாங்கள் அதைக் கேள்வி கேட்டதே இல்லை.

திங்கட்கிழமை அண்ணன் போன் செய்தார். வழக்கத்துக்கு மாறாக, திரையில் எதுவும் வராத நேரத்தில்.

"ஏலே, சாப்ட்டியா?"

"ஆச்சுண்ணே. நீங்க சாப்ட்டீகளா?"

"எங்க சாப்புட. இந்த வாரம் பெரிய லோடு. வியாழன், வெள்ளி ரெண்டு நாளும் பிளேட் நிக்காம ஓடணும். ஜவுளிக் கடை ஆர்டரு, அம்புட்டும் தெனம் கிழிக்கிற டெய்லி ஷீட்டு. முதலாளி இப்பவே நெஞ்சப் பிடிச்சுக்கிட்டுத் திரியுறாரு. அதான் கேக்கேன், இந்த வாரம் ஏதும் அப்டேட் கிப்டேட் வருமா?"

நான் பேசவில்லை.

"லைன்ல இருக்கியாலே?"

"இருக்கேண்ணே."

வரும் என்றால் ரகசியம் போச்சு. அண்ணன் ஒரு ஆளிடமும் சொல்லாமல் இருக்கலாம். ஆனால் அவர் அப்டேட் போடாமல் பொறுத்தால் தெரு பொறுக்கும். ஏன் பொறுக்கிறோம் என்று எவனாவது ஒருவன் இணையத்தில் கேட்பான். வராது என்றால் அது பொய். இரண்டு வார்த்தையில் எது வந்தாலும் ஏதோ ஒன்று முறிந்துவிடும் என்று தெரிந்தது.

"அண்ணே, அப்டேட் எப்ப வரும், வராதுன்னு இனிமே என்கிட்டக் கேக்காதீக. தெரிஞ்சாலும் தெரியாட்டாலும் நான் சொல்லக் கூடாத இடத்துல இருக்கேன். கோவிச்சுக்கிடாதீக."

"என்னலே இது. பெரிய கலெக்டர் ஆபீஸ் ரகசியமா?"

"அப்படித்தான் வச்சுக்கோங்களேன்."

"சரிங்க சார்" என்றார். வைத்துவிட்டார். அண்ணன் என்னை அதற்கு முன் சார் என்று சொன்னதில்லை.

நான் பேசினதை அப்படியே அக்காவிடம் சொன்னேன். "சொன்னது தப்பில்ல தம்பி. ஆனா இதைப் போன வருஷமே சொல்லி வச்சிருக்கணும். ஒண்ணும் இல்லாத வாரத்துலயும் இதே பதிலைச் சொல்லியிருந்தா, இன்னைக்கு அது வெறும் பதிலா இருந்திருக்கும்" என்றார். இதை எழுதி ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

வியாழக்கிழமை முற்பகலில் கர்னல் வெளியானது. விருதுநகர் வீட்டு மாடியில் உட்கார்ந்திருந்தேன். முதல் அரைமணி நேரம் சத்தமே இல்லை. அந்த மௌனம் எப்போதும் பயமாகத்தான் இருக்கும். பிறகு புகார்கள் வரிசையாக வந்தன. ஒரு வகை டிஸ்க் கண்ட்ரோலர் இருக்கிற சர்வர்கள் புதுக் கர்னலில் எழுந்திருக்கவே இல்லை. அதன் டிரைவரையும் புதிதாகக் கட்ட வேண்டும். வைஃபை டிரைவர் ஒன்று, ஸ்கேனர் டிரைவர் ஒன்று. எல்லாம் சர்வர் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டுகிற கட்டுமான வரிசையில் நின்றன. என் பிளேட் டிரைவரையும் ஏற்றினேன். அது வாலில் போய் நின்றது.

அப்போது அண்ணன் போன்.

"பிளேட் வரல."

"அப்டேட் போட்டீகளா?"

"திரையில செவப்பா காட்டுச்சு, பாதுகாப்பு அப்டேட்டுன்னு. உன்கிட்டத்தான் கேக்கக் கூடாதே. போட்டுட்டேன்."

"சரிண்ணே, பதறாதீக. மிஷினை அணைச்சுப் போடுங்க. ஆன் ஆகையில ஒரு பட்டியல் வரும்ல, அதுல பழைய கர்னல எடுங்க. ஒரு நிமிசத்துல பிளேட் வந்துரும்."

"பழசு ஏதுலே?"

"கீழ இருக்கும் பாருங்க, ரெண்டாவது."

"இல்லலே. புதுசு ஏறி மிஷின் ஆன் ஆனதுமே பழச அழிச்சிருவேன். எப்பவும் அப்படித்தான் செய்யுறது."

"எப்பவுமா? எதுக்குண்ணே அழிக்கீக?"

"எதுக்குன்னா? திருத்தின பிளேட்டு வந்தா பழைய பிளேட்ட ஆணிய வச்சுக் கீறிப் போடுவோமா இல்லையா? கீறாம வச்சா எவனாச்சும் கைமாத்தி ஏத்திருவான். அம்புட்டுப் பேப்பரும் குப்பைக்குப் போகும். தெருவுல எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கேன்."

அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. பிளேட் ரூமில் பழைய தகட்டில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறியிருப்பதை நானே எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அந்த ஊரில் பழையதைப் பத்திரமாக வைத்திருப்பவன்தான் அலட்சியக்காரன். நாங்கள் பழையது இருக்கும் என்கிற நம்பிக்கையின் மேல் மொத்தத் திட்டத்தையும் கட்டியிருந்தோம். இவர்கள் ஒவ்வொரு தடவையும் அதை ஒழுங்காகத் துடைத்துப் போட்டிருக்கிறார்கள்.

"தம்பி, கீழ மூணு மிஷினு நிக்கி. முதலாளி படியேறி வாராரு. என்ன சொல்ல?" அண்ணன் குரலில் அப்போதுதான் பயம் தெரிந்தது. "உன்னைய நம்பித்தான அவருகிட்ட நின்னேன்."

என் முன்னால் கட்டுமான வரிசை திறந்திருந்தது. என் டிரைவர் சின்னது. அதைக் கட்டி முடிக்க ஒரு டீ குடிக்கிற நேரம் ஆகாது. வரிசையில் அதை மேலே தூக்க எனக்கு அதிகாரம் இருந்தது. ஒரு கட்டளை. யாரும் கேட்டிருக்கவும் மாட்டார்கள். விரல் அங்கேயே இருந்தது. இந்த நிமிஷத்தைத்தான் உங்களுக்குச் சொல்ல நினைத்தேன். இந்த வேலையில் பெரிய பெரிய தொழில்நுட்பச் சிக்கல்கள் வரும், எல்லாவற்றையும் பத்துப் பேர் சேர்ந்து பார்ப்போம். விரல் ஒரு பொத்தான் மேல் இருக்கிற நிமிஷத்தில் நீங்கள் தனியாகத்தான் இருப்பீர்கள்.

குழுவில் எழுதினேன்: "வரிசையில் கடைசியாக நிற்கும் டிரைவரில் எனக்குச் சொந்த விஷயம் இருக்கிறது. வரிசையை நான் தொடவில்லை. வேறு யாராவது பாருங்கள்."

அக்கா உடனே கூப்பிட்டார்.

"அண்ணன் மிஷின் எந்திரிக்குதா?"

"எந்திரிக்குதுக்கா. பிளேட் மட்டும் வரல."

"டிஸ்க்ல மாட்டிக்கிட்டவங்க மிஷின் எந்திரிக்கவே இல்ல. அது முன்னாடி, அப்புறம் வைஃபை. உங்களது அதுக்கப்புறம். வரிசைப்படியே போகட்டும் தம்பி. மனசு கஷ்டமாத்தான் இருக்கு."

"சரிக்கா."

ஆனால் வரிசையைத் தொடாமல் செய்ய ஒன்று இருந்தது. பழைய கர்னல் பேக்கேஜ் நம் இணையக் காப்பகத்தில் இருக்கிறது. யார் கேட்டிருந்தாலும் நான் காட்டியிருக்கக்கூடிய வழிதான். அதை இறக்கச் சொன்னேன். ஓட்டை உள்ள கர்னல், ஓட்டையும் இப்போது ஊருக்கே தெரியும். அதனால் இறங்கி முடிந்ததும், அதை ஓட்டுவதற்கு முன்னால் நெட்வொர்க் ஒயரைப் பிடுங்கச் சொன்னேன். டிசைனை எல்லாம் பென் டிரைவில் கொண்டுவரட்டும், அண்ணனைத் தவிர யாரும் அந்த மிஷினைத் தொட வேண்டாம், டிரைவர் வந்ததும் புதுக் கர்னலுக்குத் திரும்பிவிட வேண்டும். ஓட்டையை அடைப்பதா, ஓட்டையோடு கதவைச் சாத்தி வைப்பதா என்று நாங்கள் தினம் எடைபோடுகிற அதே கணக்குதான்.

பிரஸ்ஸில் இன்டர்நெட் நத்தை வேகம். இறங்குகிற வரைக்கும் போனை வைக்காமல் இருந்தோம். பின்னால் முதலாளி குரல் கேட்டது. "இன்னும் எம்புட்டு நேரம்யா? உங்க தம்பி என்ன சொல்றாரு?" அண்ணன் பதில் சொன்னது எனக்குக் கேட்கவில்லை.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிளேட் மிஷின் ஓட ஆரம்பித்தது. "வந்துருச்சு" என்றார் அண்ணன். குரலில் சந்தோஷம் இல்லை. அதற்குள் முதலாளி டிசைனை எல்லாம் ஒரு ஆளிடம் கொடுத்து, வெளியே கூலிக்குப் பிளேட் போட்டுக் கொடுக்கிற இடத்துக்கு ஸ்கூட்டரில் அனுப்பிவிட்டார். மிஷின் தயாராக நின்றது, ஏற்ற வேலை இல்லை.

அந்த சீசன் முழுக்கப் பிளேட் வெளியிலிருந்துதான் வந்தது. முதலாளி கெட்ட மனுஷர் இல்லை. வெளியே கொடுத்தால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு திரிய வேண்டாம் என்று கண்டுகொண்டார், அவ்வளவுதான். பிளேட் ரூமைப் பூட்டினார்கள். அண்ணனைப் பார்சல் கட்டுகிற இடத்துக்கு மாற்றினார்கள். சம்பளத்தில் கை வைக்கவில்லை. ஆனால் பொறுப்பு போய்விட்டது.

நாம் அதற்கப்புறம் மாற்றினவை உங்களுக்குத் தெரியும், தினம் அதில்தான் வேலை செய்கிறீர்கள். கர்னலைத் தனியாக வெளியே விடுவதில்லை, வெளியிலிருந்து வருகிற டிரைவர்களையும் மூடிய சர்வரில் கட்டிவைத்து ஒன்றாகத்தான் விடுகிறோம். புதுக் கர்னலில் எல்லா டிரைவரும் ஏறும்வரை பழையதை அழிக்க விடாமல் பேக்கேஜே தடுக்கிறது. அந்தத் தடுப்பை எதற்கு வைத்தார்கள் என்று விக்கியில் இரண்டு வரி இருக்கும். அந்த இரண்டு வரிக்குப் பின்னால் ஒரு பூட்டிய அறை இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அப்டேட் பற்றிக் கேட்கிறவர் யாராக இருந்தாலும், சொந்த அம்மாவாக இருந்தாலும், குழுவில் சேர்ந்த முதல் நாளே ஒரு பதிலைச் சொல்லிப் பழக்கிவிடுங்கள். ஒன்றும் இல்லாத வாரத்தில் சொல்லிப் பழகின பதில்தான் இருக்கிற வாரத்தில் உங்களைக் காப்பாற்றும்.

அண்ணன் ரொம்ப நாள் பேசவில்லை. மார்கழியில் நானே பிரஸ்ஸுக்குப் போனேன். வாசலில் லாரி நின்றது. காலண்டர்க் கட்டுகளைக் கயிறு போட்டு இறுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் வேலையை நிறுத்தவில்லை.

"வா. எப்ப வந்த?"

"இப்பதாண்ணே."

அவரே ஆரம்பித்தார்.

"அந்தத் திங்கக்கிழம நான் கேட்டப்ப உனக்குத் தெரியும்."

"தெரியும்ணே."

"எனக்கும் அப்பவே தெரிஞ்சுபோச்சு. நீ பேசாம நின்ன பாரு, அதுலயே. போன வச்சதும் யோசிச்சேன், செவ்வாய் புதன்லயே பிளேட்ட முந்திப் போட்டு வச்சிருவோமான்னு. போட்டிருக்கலாம். எதுத்த பிரஸ்காரன் வந்து என்ன அவசரம்னு கேப்பான். அவன்கிட்ட என்ன சொல்ல? உன் தலையில விடியும்னு விட்டுட்டேன்."



"நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ணே."

"எதச் சொல்ல. பட்டாசுக் கம்பெனிக்காரன் புது லேபிள நம்ம பிரஸ்ஸுலதான் அடிக்கான். அவன் போட்டிக்காரனும் இங்கனதான் அடிக்கான். ரெண்டு பேரு டிசைனும் என் கையிலதான் பிளேட்டாச்சு. ஒருத்தன்கிட்ட இன்னொருத்தன் டிசைனப் பத்தி வாயத் தொறந்திருக்கேனா? உன்கிட்டயாச்சும் சொல்லியிருக்கேனா?"

"இல்ல."

"அம்புட்டுதான். அது புரியுது எனக்கு. ஆனா ரூமு போனது போனதுதான். அத நான் நல்லபடியாச் சொல்ல மாட்டேன். வயிறெரியத்தான் செய்யுது."

கேட்கலாமா என்று தெரியவில்லை. ஆனால் அதைக் கேட்கத்தான் வந்திருந்தேன்.

"அன்னைக்கு ஒண்ணும் வராதுண்ணேன்னு பொய் சொல்லியிருந்தா?"

அண்ணன் கயிற்றை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"நம்பியிருப்பேன். வியாழக்கிழம செவப்பா காட்டினதும், இவன் வராதுன்னான், இது என்னமோ கோளாறுன்னு உனக்குப் போன் போட்டிருப்பேன். நீ போடாம இருக்கச் சொல்லியிருப்ப. ரூமும் தப்பிச்சிருக்கும்." முகத்தைத் துண்டால் துடைத்தார். "அதுக்கப்புறம் என்னைக்காச்சும் விஷயம் தெரிஞ்சிருக்கும்ல. அன்னையோட உன்கிட்டப் பேசுறத விட்டிருப்பேன்."

லாரிக்காரர் ஹாரன் அடித்தார்.

"சும்மா நிக்காம அந்தப் பக்கத்துக் கயித்தப் பிடி" என்றார் அண்ணன். "இறுக்கி."

பிடித்தேன்.